கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர்: பெட்டியைப் பிரிப்பது முதல் மூக்கைத் திருப்புவது வரை

சின்ன நான்கு சேனல் ரிமோட் ஹெலிகாப்டரை வீட்டுக்குள் ஓட்டிப் பழகியவர்கள் அடுத்துக் கை வைப்பது ஆறு சேனல் கலெக்டிவ் பிட்ச் ரகத்தில். பலருக்கு முதல் பேட்டரி தீர்வதற்குள்ளேயே பிளேடு உடைந்துவிடும். கைக்குத் திறமை போதாததால் அல்ல, பழைய பழக்கம் கையை விட்டுப் போகாததால்.

பழைய ஹெலிகாப்டரில் பிளேடின் கோணம் மாறாது. மோட்டார் வேகமெடுத்தால் ஏறும், வேகம் குறைந்தால் இறங்கும். பயந்துபோய் இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் மெதுவாக உட்கார்ந்துவிடும். கலெக்டிவ் பிட்சில் ரோட்டர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் பிளேடின் கோணத்தால்தான். பயத்தில் ஸ்டிக்கை அடிவரை இழுத்தால் கோணம் மைனசுக்குப் போகும், ரோட்டரே ஹெலிகாப்டரைத் தரையில் அறையும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு பயத்தைக் கையிலிருந்து எடுப்பதற்காகத்தான்.

எந்த அளவு வாங்குவது

உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர் விழுந்தால் செலவு குறைவு. ஆனால் சிறு காற்றுக்கே அலையும். 450 ரகம் (325 மி.மீ. பிளேடு, 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரி) நிதானமாக நிற்கும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். அதன் ரோட்டர் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால் பிளேடு முனையின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். விரல், கண் எதுவும் அதன் முன் நிற்காது. வீட்டுக்குள் இதை ஓட்டவே கூடாது.

சிமுலேட்டர்

கணினித் திரையில் ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகும் மென்பொருள். பலர் தாண்டிப் போகும் படி இது. கையில் பிடித்து ஓட்டும் உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்து, குறைந்தது 10 மணி நேரம் பழகுங்கள். வித்தை எதுவும் வேண்டாம். வால் உங்களைப் பார்த்தபடி ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அது கைவந்தபின் பக்கவாட்டில், கடைசியாக மூக்கு உங்களைப் பார்த்தபடி. கூடவே, கட்டுப்பாடு போனதும் மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டும் பழக்கத்தையும் ஏற்றிக்கொள்ளுங்கள். திரையில் விழப்போகும் ஒவ்வொரு தடவையும் விரல் அந்தச் சுவிட்சுக்குத் தானாகப் போக வேண்டும்.

மேசையில் செய்ய வேண்டியவை

பறக்கத் தயார் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். முதலில் மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். செட்டிங் நடுவே ரோட்டர் சுழன்று கை வெட்டுப்படுவது இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பலில் விடுவதால்தான்.

உலோகத்தில் உலோகம் இறங்கும் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளி நீல நிறத் திருகுப் பசை வைத்து மறுபடி முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு அது வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துப்போகும்.

இனி திசைகள். ஸ்டிக்கை ஏற்றினால் ஸ்வாஷ்பிளேட் (ரோட்டருக்குக் கீழே இருந்து பிளேடின் கோணத்தை மாற்றும் தட்டு) சாயாமல் சமமாக நகர்ந்து, பிளேடின் கோணத்தைக் கூட்ட வேண்டும். வலது ஸ்டிக்கை முன்னே தள்ளினால் அது முன்னே சாய வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். அடுத்து ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைக் கீழே சாயுங்கள். கைரோ (ஹெலிகாப்டர் சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்து எதிர்க்கும் கருவி) சரியாக இருந்தால் ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய்ந்து எதிர்க்கும். கூடவே சாய்ந்தால் கைரோவின் திசை தலைகீழ், அப்படியே கிளப்பினால் ஒரு நொடியில் கவிழும். வாலுக்கும் இதே சோதனை: மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பினால், வால் சர்வோ (வால் பிளேடின் கோணத்தை அசைக்கும் சிறு மோட்டார்) வலது ரட்டர், அதாவது மூக்கை வலப்பக்கம் திருப்பும் கட்டளை, கொடுத்ததுபோல நகர வேண்டும். மூக்கின் திசையைக் கைரோவே பிடித்துவைக்கும் ஹெட்டிங் ஹோல்ட் முறையில் வால் சர்வோ மேசையில் நடுவுக்குத் திரும்பாமல் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். அது கோளாறு அல்ல.

ஸ்டிக்கின் எந்த நிலைக்கு எந்தக் கோணம் என்று டிரான்ஸ்மிட்டரில் வைக்கும் வரைகோட்டுக்கு வளைவு என்று பெயர். பிட்ச் (பிளேடின் கோணம்) அளவுமானியை பிளேடில் மாட்டி, நேர்கோட்டு வளைவில் நடு ஸ்டிக்கில் 0 பாகை, மேலே +12, அடியில் −12 வருமாறு அமையுங்கள். இதற்குமேல் நார்மல் முறைக்கு (சாதாரணமாகப் பறக்கும் முறை) புதியவர்களுக்கான வளைவு: அடியில் −3, நடுவில் +5, உச்சியில் +10. டிரான்ஸ்மிட்டரில் இது ஏறத்தாழ 37, 71, 92 சதவீதம். −3 இருந்தால் இறங்க முடியும். பயந்து இழுத்தாலும் −12 அளவுக்கு அறையாது. முதல் நாளிலிருந்தே முழு நேர்கோட்டில்தான் பழக வேண்டும் என்பவர்களும் உண்டு. சிமுலேட்டரில் நிறைய நேரம் போட்டவர்களுக்கு அது சரி.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கவர்னரையும் (ரோட்டர் வேகத்தை மாறாமல் வைப்பது) மென்தொடக்கத்தையும் (மோட்டாரை மெதுவாகக் கிளப்புவது) போட்டு, த்ராட்டில் வளைவை எல்லாப் புள்ளியிலும் 65 முதல் 70 சதவீதம் என்று சமமாக வையுங்கள். ரோட்டர் வேகத்தைக் குறைத்தால் பத்திரம் என்று தோன்றும். அது தவறு. வேகம் குறைந்தால் ஸ்டிக்குக்கு ஹெலிகாப்டர் தாமதமாகப் பதில் சொல்லும், வாலும் பிடி விடும்.

பிளேடின் தடித்த விளிம்பு சுழலும் திசையில் முன்னால் இருக்க வேண்டும். பிடியின் திருகு எவ்வளவு இறுக்கம்? ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக் கூடாது, ஒரு உதறு உதறினால் மடங்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, தலையைப் பிடித்துத் தூக்கும்போது உடல் மட்டமாக நிற்கும் இடத்தில் கட்டுங்கள். முனையில் பந்து வைத்த குறுக்குக் குச்சிகளை அடியில் மாட்டினால் கவிழ்வது குறையும்.

முதல் தடவை கிளப்புவது

காற்றில்லாத நேரம், ஆளில்லாத திறந்தவெளி. த்ராட்டில் ஹோல்ட் போட்டபிறகே பேட்டரியை இணையுங்கள். கைரோ விழித்தெழும்வரை ஹெலிகாப்டரைத் தொடாதீர்கள். பின்பக்கமாக ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, ஸ்டிக்கை அடியில் வைத்து, ஹோல்டை விடுங்கள்.

ரோட்டர் முழு வேகம் எட்டும்வரை காத்திருங்கள். அதிர்வு தெரிந்தாலோ, பக்கவாட்டில் பார்க்கையில் பிளேடு முனைகள் இரண்டு தளமாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்தி, ஒரு பிளேடின் இணைப்புக் குச்சியை ஒரு சுற்று திருகித் திருத்துங்கள்.

அடுத்த தவறு தரையிலேயே நடக்கும். ஹெலிகாப்டர் லேசாகச் சாய்கிறதே என்று வலது ஸ்டிக்கால் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஃப்ளைபார் (தலையில் சமநிலைக்கு வைக்கும் குறுக்குக் கம்பி) இல்லாத ஹெலிகாப்டரின் கைரோ அந்தத் திருத்தத்தை உடல் நிறைவேற்றும்வரை கூட்டிக்கொண்டே போகும். தரை விடாததால் கடைசியில் கவிழும். கால் தரையில் இருக்கும்வரை வலது ஸ்டிக்கைத் தொடாதீர்கள். தயங்காமல் இடது ஸ்டிக்கை ஏற்றி முழங்கால் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். தரையை ஒட்டி நின்றால் ரோட்டர் கீழே தள்ளும் காற்றே திரும்பி வந்து ஹெலிகாப்டரை அலைக்கழிக்கும். ஒரு மீட்டர் உயரம் அதைவிட எளிது.

எழும்பியதும் இடப்பக்கம் நகரும். கடிகாரச் சுற்றில் சுழலும் ரோட்டருக்கு, வால் ரோட்டரின் உந்தல் ஹெலிகாப்டரை இடப்பக்கம் தள்ளுகிறது. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றால்தான் ஓரிடத்தில் நிற்கும். டிரிம்மைத் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்துவது) திருக வேண்டாம்.

கண் மூக்கில் இருக்கட்டும், வாலில் அல்ல. நகர்ந்தால் எதிர்த்திசையில் சிறு தட்டு, உடனே நடு. ஸ்டிக்கைப் பிடித்தபடி காத்திருந்தால் மறுபக்கம் ஓடும். டைமரை 4 நிமிடத்தில் வையுங்கள். இறங்கியபின் செல் ஒன்றுக்கு 3.75 வோல்ட் போல மீதி இருந்தால் அந்த நேரம் சரி. அதற்குக் கீழே போனால் குறையுங்கள். அன்று மறுபடி பறக்காவிட்டால் பேட்டரியை 3.8 வோல்ட்டில் எடுத்து வையுங்கள்.

மூக்கைத் திருப்புவது

வால் பார்த்த நிலையில் ஐந்தாறு பேட்டரி அசையாமல் நின்றபிறகு 45 பாகை, பிறகு முழுப் பக்கவாட்டு, இரண்டு பக்கமும். ஒரே பக்கம் பழகினால் மறுபக்கம் அந்நியமாகிவிடும். மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஸ்டிக்கைத் தள்ளி முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பினால் கீழே இழுக்காதீர்கள், ஏற்றுங்கள். உயரம் யோசிக்க நேரம் தரும்.

விழுவது உறுதியானால் ஹோல்ட். சுழலும் பிளேடு தரையில் படும்போது மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தால் மெயின் கியரின் பல்லும் போகும். விழுந்தபின் பிளேடை மட்டும் மாற்றி மறுபடி கிளப்பாதீர்கள்: மெயின் ஷாஃப்டையும் தலையின் குறுக்கு ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். தாவித் தாவி உருண்டால் வளைந்திருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காமல் புதிது போடுங்கள். வால் பெல்ட்டின் பற்களையும் சர்வோ கியர்களையும் விரலால் மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டே அடுத்த பேட்டரி.