இரு நாட்டுக் கூட்டறிக்கையை வாசிக்கும் முறை

கூடங்குளத்தைப் பற்றி மாஸ்கோவிலோ, மீனவர் சிக்கலைப் பற்றிக் கொழும்பிலோ ஓர் அறிக்கை வெளியானால், இடிந்தகரையிலும் உவரியிலும் அன்று மாலையே விவாதம் தொடங்கிவிடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் செய்தித்தாளின் தலைப்பை மட்டும் வைத்து நடப்பதால், அறிக்கையில் இல்லாத நம்பிக்கையும் இல்லாத அச்சமும் ஊருக்குள் வந்து சேர்கின்றன. ஆகவே முதல் வேலை, மூல அறிக்கையை எடுத்துக்கொள்வதுதான். இந்திய வெளியுறவு அமைச்சகம் அதைத் தன் இணையதளத்தில் முழுமையாக வெளியிடுகிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால், பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்; அவர்களுக்கும் அது பயிற்சியாகும்.

அடுத்து, அது எந்த வகை ஆவணம் என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் அரசுகளைக் கட்டுப்படுத்தும். கூட்டறிக்கை பெரும்பாலும் நோக்கத்தை மட்டுமே அறிவிக்கும். இவை இரண்டையும் விட எளிதில் கண்ணுக்குத் தப்புவது, ஒப்பந்தத்துடன் அதிகாரிகள் எழுதிக்கொள்ளும் கடிதங்கள். 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கடல் எல்லையை வரையறுத்தது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடற்பகுதியில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியோ, இரு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதத்தில்தான் இருந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பகுதி இந்தியாவின் உரிமைக்குட்பட்டது என்பதும், இலங்கையின் ஆறு படகுகள் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் அங்கே மீன்பிடிக்கலாம் என்பதும் அதே கடிதத்தில் உள்ளவை. ஒப்பந்தத்தை மட்டும் படித்தவருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது.

இனி, உரிமையென்று நாம் நம்புவது உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. அதில் மீனவர் இருக்கிறார். அவர் அங்கே வலை வீசலாம் என்ற வாசகம் இல்லை. ஐம்பது ஆண்டு வாதத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கூட்டறிக்கையாக இருந்தால் வினைச்சொற்களுக்கு அடியில் கோடிடுங்கள். ‘ஒப்புக்கொண்டனர்’ என்பதற்குக் கனம் அதிகம்; ‘வலியுறுத்தினர்’, ‘வரவேற்றனர்’ என்பன அதற்குக் கீழே; ‘கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்’ என்றிருந்தால் உடன்பாடு ஏற்படவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அதன்பின், யார், எப்போது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 2016 நவம்பரில் டெல்லியில் நடந்த இந்திய-இலங்கை அமைச்சர்கள் நிலைப் பேச்சுக்குப் பின், மீன்வளக் கூட்டுப் பணிக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மீன்வள அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கூடுவர் என்று அறிவித்தார்கள். நடந்ததா என்று சரிபார்க்க முடிகிற வாக்கு அது. 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் வந்தபோது வெளியான அறிக்கையோ, வாழ்வாதாரத்தை மனத்தில் கொண்டு மனிதாபிமானத்துடன் அணுக வேண்டும் என்றது. நல்ல சொற்கள்தான், ஆனால் தவறினால் எவரையும் கேள்வி கேட்க இடம் தராதவை.

முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் அவசியம். 2022 பாலி ஜி20 அறிக்கையில், உக்ரைன் மீதான ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் ஐ.நா. தீர்மான வாசகம் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. 2023 டெல்லி அறிக்கையில் அந்த வாசகம் இல்லை. எல்லா நாடுகளும் அறிக்கையை ஒருமித்து ஏற்க அந்த விடுபடல் உதவியது.

கையெழுத்துக்கும் செயலுக்கும் இடையிலான காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தானது. அந்த நாடே 1991-இல் கலைந்துவிட, 1998-இல் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014 டிசம்பர் 31 அன்று.

அறிக்கை வந்து சில மாதங்கள் கழித்து, அதன் நிலை என்ன என்று மக்களவையில் கேள்வி எழுப்பும்படி நம் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். கேள்வியில் ஆவணத்தின் பெயர், தேதி, பத்தி எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.