நாம ஜபம்: எண்ணும் கவுண்டரைக் கீழே வையுங்கள்

மார்கழி பிறந்தாலே எங்கள் பஜனை மடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். ஆசையாக ஜப மாலை வாங்கி, பகவான் நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல உட்காருவார்கள். மாசி வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். ஆரம்பத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்கள்தான். குளித்துவிட்டு உட்காருங்கள், செல்போனை அணையுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எண்ணிக்கையைத் துரத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் வாரமே 'கோடி ராம நாமம்' என்று சங்கல்பம் செய்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 10,000 சொன்னாலும் கோடியை எட்ட 1,000 நாள் ஆகும். நாமத்துக்கு ஒரு விநாடி என்றாலே தினமும் இரண்டே முக்கால் மணி நேரம். ஆபீஸ், சமையல், பிள்ளைகள் என்று இருப்பவருக்கு அவ்வளவு நேரம் ஏது? வேகத்தைக் கூட்டுவார். 'ராம ராம' என்பது 'ரம்ரம்' என்று தேயும். அப்புறம் அதுவும் போய், கட்டைவிரல் மட்டும் கவுண்டரை அழுத்திக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஏகாதசிதோறும் அவரவர் எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார்கள். நெடில் கெடாமல், நிதானமாக, கண்கலங்கச் சொல்லும் மாமி ஒருவர் அதில் இருந்தார். பட்டியலில் எப்போதும் அவர்தான் கடைசி. "என்னால எல்லாருக்கும் கணக்கு குறையறது" என்று விலகிக்கொண்டார். பிறகு வீட்டிலும் மாலையைத் தொடவில்லை. அந்தக் குழுவிலேயே ஒழுங்காக ஜபித்தவர் அவர்தான்! 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' ஓதுவாரை நமச்சிவாய நாமம் நன்னெறியில் சேர்க்கும் என்றார் சம்பந்தர். எத்தனை முறை என்று அவர் கேட்கவில்லை.

கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் (சமாதி) கொண்ட போதேந்திர சுவாமிகள் தினமும் லட்சத்துக்கு மேல் ஜபித்ததாகச் சொல்வார்களே என்று கேட்கலாம். அவர் சந்நியாசி, நாள் முழுவதும் நாமத்துக்கே கொடுத்தவர். குடும்பஸ்தர் முதல் நாளே அதை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடம்புக்கும் வேகம் உதவாது. கத்தோலிக்கர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையும் பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைவதை 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவசரமாகப் பொரிந்து தள்ளினால் மூச்சு எப்படி அடங்கும்?

ஒரு மாலை, 108 மணி, ஒவ்வொரு நாமமும் உங்கள் காதில் விழ வேண்டும். ராம நாமத்துக்கு ஐந்து நிமிடம் போதும். சில மாதம் தடையில்லாமல் நடந்தால் இரண்டாவது மாலையை யோசிக்கலாம்.

வாரம் ஒரு நாமம்

ஒரு உபன்யாசம் கேட்டால் சிவ நாமம், அடுத்ததைக் கேட்டால் நாராயண நாமம். வேண்டாம். சின்ன வயதில் பாட்டி சொல்லிக்கொடுத்த பெயர் ஒன்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'ஹ்ரீம்', 'க்லீம்' போன்ற பீஜாட்சர மந்திரங்களுக்குக் குரு உபதேசம் வேண்டும். பகவானைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

எடுத்தவுடனே மனசுக்குள்

வாசிகம் (வாய்விட்டு), உபாம்சு (உதடு மட்டும் அசைய), மானசம் (மனசுக்குள்) என்ற மூன்று வகை ஜபத்தில் மானசமே உயர்ந்தது என்று படித்துவிட்டு நேரே அங்கே போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மனசு கரண்ட் பில்லுக்குப் போய்விடும். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உதட்டசைவும் மௌனமும் பின்னால் தானாக வரும்.

மேரு மணியைத் தாண்டுவது

மாலையின் இரு முனையும் சேரும் இடத்தில் இருக்கும் தலைமணிதான் மேரு. அதைத் தாண்டாதீர்கள். அங்கேயே மாலையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன நாளுக்கு வட்டி கட்டுவது

நேற்றைக்கும் சேர்த்து இன்று இரண்டு மாலை வேண்டாம். இன்றையதை மட்டும் சொல்லுங்கள்.