பிரிட்டிஷ் ஊடகங்களின் ‘இங்கிலாந்துச் சார்பு’: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலிருந்து ஒளிபரப்பாகும் தேசியச் செய்திகளும் விளையாட்டு நிகழ்ச்சிகளும் நாடு முழுவதற்கும் பொதுவானவை என்று சொல்லிக்கொண்டு இங்கிலாந்தைப் பற்றியே பேசுகின்றன என்ற குறை, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மிகப் பழையது. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை நிறுவுவதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கப்படும் சான்றுகளில் பல, கொஞ்சம் தட்டிப் பார்த்தாலே உதிர்ந்துவிடுகின்றன. நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. எங்கெங்கே தடுமாறுகிறோம் என்பதைப் பார்க்கலாம்.

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. அதில் தமிழில் எழுதும் நமக்குப் பெரும் பங்கு உண்டு. ‘இங்கிலாந்துப் பிரதமர்’, ‘இங்கிலாந்து மன்னர்’ என்று நம் செய்தித்தாள்கள் தயங்காமல் அச்சிடுகின்றன. அப்படியொரு பதவி கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தது கிரேட் பிரிட்டன். அதனுடன் வட அயர்லாந்தும் சேர்ந்ததே ஐக்கிய இராச்சியம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவை ‘ஆங்கிலேயக் கவர்னர்’ என்றுதான் பாடம் படித்தோம். அவர் 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். நான்கு நாடுகளையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, பிபிசி அவற்றை ஒன்றாகக் குழப்புகிறது என்று எழுதுபவரின் கட்டுரையைக் கிளாஸ்கோ வாசகர் ஒருவர் படித்தால் சிரிக்கத்தான் செய்வார்.

அடுத்தது, தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. ஒரு வாரச் செய்திகளைக் கணக்கெடுத்து, பத்தில் எட்டு இங்கிலாந்தைப் பற்றியவை, ஆகவே சார்பு உறுதி என்று சொல்வோர் உண்டு. ஐக்கிய இராச்சியத்தின் மக்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் இங்கிலாந்தில் வாழ்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தின் மக்கள்தொகை ஐந்தரைக் கோடிக்கும் அதிகம். வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். ஆகவே பத்துக்கு எட்டு என்பது சார்புக்குச் சான்றாகாது; மக்கள்தொகைக்கு ஏற்ற பங்குதான்.

சான்று வேண்டுவோர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. பிபிசியின் மேற்பார்வை அமைப்பாக அப்போது இருந்த பிபிசி டிரஸ்ட், பேராசிரியர் அந்தோணி கிங்கைக் கொண்டு 2008-இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதற்காகக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேசியச் செய்திகளை அலசியபோது, அந்தக் காலப்பகுதியில் உடல்நலம், கல்வி ஆகிய துறைகளைப் பற்றி வெளிவந்த 136 செய்திகளும் இங்கிலாந்தைப் பற்றியவையாகவே இருந்தன. மக்கள்தொகைப்படி பார்த்தாலும் இருபது செய்திகளாவது பிற மூன்று நாடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும்; ஒன்றுகூட வரவில்லை. அதுவும், அரசுகளுக்கிடையே கொள்கை மிக அதிகமாக மாறுபடும் இரண்டு துறைகளில். பின்னர் நடந்த தொடர் ஆய்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த 136 என்ற எண்ணை இன்றைய நிலைபோல மேற்கோள் காட்டுவது இன்னொரு தவறு.

ஏன் அந்த இரண்டு துறைகள்? இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. அதிகாரப் பகிர்வுக்காக நடந்த 1997 வாக்கெடுப்புகளுக்கும், வட அயர்லாந்தில் அமைதிக்காகச் செய்யப்பட்ட 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கைக்கும் பிறகு, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் மருத்துவத்தையும் பள்ளிக்கல்வியையும் தாமே நடத்துகின்றன. லண்டனில் உள்ள சுகாதார அமைச்சரின் ஆணைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் எல்லையைத் தாண்டிச் செல்லாது. மருந்துச்சீட்டுக் கட்டணத்தை வேல்ஸ் 2007-இலும், வட அயர்லாந்து 2010-இலும், ஸ்காட்லாந்து 2011-இலும் நீக்கிவிட்டன; இங்கிலாந்தில் அது தொடர்கிறது. 2023-இல் இளநிலை மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நம்மூர்ப் பத்திரிகைகளில் ‘பிரிட்டன் மருத்துவர்கள் போராட்டம்’ என்று தலைப்புகள் வந்தன. ஸ்காட்லாந்து மருத்துவர்கள் தங்கள் அரசின் ஊதிய உடன்பாட்டை ஏற்றுக்கொண்டதால் அங்கே அவர்கள் பணியிலேயே இருந்தார்கள். ஆகஸ்ட் நடுவில் வியாழக்கிழமையன்று மாணவர்கள் ‘ஏ லெவல்’ எனும் பள்ளியிறுதித் தேர்வு முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளும் படங்கள் வருகின்றனவே, அந்த நாளில் ஸ்காட்லாந்து மாணவர்கள் வேறொரு தேர்வின் முடிவை வாங்கி ஒரு வாரத்துக்கும் மேலாகியிருக்கும்.

ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் அளவுக்கு மீறி ஒலிப்பதுதான் சார்பு என்று நினைப்பது தலைகீழான பார்வை. அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் வராமல், ‘நாடு’, ‘நாம்’, ‘அரசு’ என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்வதே சிக்கல். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே 10 அன்று இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற முழக்கத்தை ‘விழிப்புடன் இருங்கள்’ என்று மாற்றினார். அவர் அறிவித்த ஊரடங்குத் தளர்வுகள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். மற்ற மூன்று அரசுகளும் பழைய முழக்கத்தையே வைத்துக்கொண்டன. மறுநாள் நானும் ‘பிரிட்டனில் ஊரடங்கு தளர்கிறது’ என்று நண்பர்களுக்கு எழுதி அனுப்பினேன். வேல்ஸின் கார்டிஃபில் வசிக்கும் நண்பர் ஒருவர், “எங்கள் தெருவில் எதுவும் தளரவில்லை, இன்னும் வீட்டில்தான் இருக்கிறோம்” என்று பதில் எழுதினார். இங்கிலாந்தில் உடற்பயிற்சிக்காக எவ்வளவு தொலைவு வேண்டுமானாலும் காரில் செல்லலாம் என்று விதி மாறிய அந்த நாட்களில், வேல்ஸின் மலைப்பகுதிகளுக்கு வந்த இங்கிலாந்துக் கார்களைப் போலீசார் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சிலருக்கு அபராதமும் விதித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே விதியை மீறினார்கள், எத்தனை பேர் செய்தியைப் பார்த்து ‘நாடு திறந்துவிட்டது’ என்று நம்பி வந்தார்கள் என்பது வேறு விஷயம். ஒரு சொல் விடுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

விளையாட்டுக்கு வருவோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ஆண்டி மரே வென்றால் பிரிட்டிஷ் வீரர், தோற்றால் ஸ்காட்லாந்து வீரர் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நல்ல நகைச்சுவை, ஆனால் அதைச் சான்றாக எழுதுவது தவறு. இரண்டு சொற்களும் வெற்றிச் செய்தியிலும் வருகின்றன, தோல்விச் செய்தியிலும் வருகின்றன. நமக்குப் பிடித்த இரண்டு தலைப்புகள் மட்டும் நினைவில் தங்கிவிடுகின்றன. மரேயின் கதையில் உண்மையான நெருடல் வேறிடத்தில் இருக்கிறது. 2006-இல், ஸ்காட்லாந்து தகுதி பெறாத கால்பந்து உலகக் கோப்பையை வைத்து அவரைச் சீண்டியபோது, இங்கிலாந்தை எதிர்த்து ஆடுபவர் எவரோ அவருக்கே தன் ஆதரவு என்று அவர் விளையாட்டாகச் சொன்னது, பல ஆண்டுகள் அவரை விடாமல் துரத்தியது. 2013 ஜூலை 7 அன்று ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்று விம்பிள்டன் பட்டம் பெற்றபோது, 77 ஆண்டுகளுக்குப் பிறகு வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர் என்று கொண்டாடினார்கள். ஆண்கள் பிரிவில் அது சரிதான். ‘ஆண்கள்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பலர் எழுதியபோது, 1977-இல் பெண்கள் பிரிவில் பட்டம் வென்ற வர்ஜீனியா வேட் காணாமல் போனார். ஒரு சார்பைத் துருவித் தேடுபவரின் கண்ணுக்கு, அதே தலைப்பில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சார்பு தெரியாமல் போவதும் உண்டு.

அதிகமாகப் பேசுவதைச் சாதகமாகப் பேசுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்துக் கால்பந்து அணியைப் பற்றி ஓயாமல் எழுதும் அதே பத்திரிகைகள்தான் அதை ஈவிரக்கமில்லாமல் கிழிக்கவும் செய்கின்றன. 1992 ஐரோப்பியக் கோப்பையில் சுவீடனிடம் 2–1 என்று தோற்றபோது, ‘தி சன்’ நாளிதழ் பயிற்றுநர் கிரகாம் டெய்லரின் தலையில் டர்னிப் கிழங்கைப் பொருத்திப் படம் போட்டது. ‘டர்னிப்’ என்ற பட்டப்பெயர் அவரை விடவே இல்லை. ஸ்காட்லாந்து ரசிகர் எரிச்சலடைவது இந்தப் பாசத்தாலும் கோபத்தாலும் அல்ல, இந்தக் குடும்பச் சண்டையைத் தன் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதால்தான். 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெம்பிளியில் மேற்கு ஜெர்மனியை இங்கிலாந்து 4–2 என்று வென்றதை ஒவ்வொரு போட்டித்தொடரிலும் வர்ணனையாளர்கள் எடுத்துப் பேசுவது அவருக்குச் சலித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே வெம்பிளியில் அந்த உலகச் சாம்பியன்களை ஸ்காட்லாந்து 3–2 என்று வீழ்த்தியதை அவர் பதிலுக்குச் சொல்வார். அதையும் அவர் விட்டபாடில்லை என்பது இருக்கட்டும். நேரடி வர்ணனையில் முன்னாள் வீரர் ஒருவர் ‘நாம்’ என்று உணர்ச்சிவசப்படுவதை, செய்தி வாசிப்பவர் ‘நாடு’ என்று குழப்புவதோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னது ரசனைக் குறை. பின்னது தகவல் பிழை.

உண்மையில் ஒப்பிட விரும்புவோருக்கு 2016 கோடையில் நடந்த ஐரோப்பியக் கோப்பை நல்ல களம். ஜூன் 27 அன்று ஐஸ்லாந்திடம் தோற்று இங்கிலாந்து வெளியேறியது. ஜூலை 1 அன்று பெல்ஜியத்தை 3–1 என்று வென்று வேல்ஸ் அரையிறுதிக்குச் சென்றது. அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு எழுதுபவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

ஒளிபரப்பு உரிமையை ஊடகச் சார்பாக வாசிப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2024 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இங்கிலாந்தின் ஆட்டங்களைச் சேனல் 4 இலவசமாகக் காட்டியது. ஸ்காட்லாந்தின் ஆட்டங்களைப் பார்க்க வியாபிளே என்ற கட்டணச் சேவைக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. கோபம் நியாயமானதே. ஆனால் அதற்குக் காரணம் எந்தச் செய்தி ஆசிரியரும் அல்லர். உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் இலவசமாகக் காட்டப்பட வேண்டிய நிகழ்வுகளின் சட்டப் பட்டியலில் உள்ளன. தகுதிச் சுற்றுகள் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததை அதிக விலை கொடுப்பவர் வாங்குகிறார்.

பத்திரிகையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் ஆபத்து. 2015 ஏப்ரல் 30 அன்று ‘தி சன்’ நாளிதழின் லண்டன் பதிப்பு அப்போதைய பிரதமர் டேவிட் கேமரனுக்கு வாக்களிக்கச் சொன்னது. அதே நாளில் அதன் ஸ்காட்லாந்துப் பதிப்பு, ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு வாக்களிக்கச் சொன்னது. ஒரே உரிமையாளர், ஒரே பெயர், இரண்டு முகங்கள். இணையத்தில் லண்டன் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைத்தான் படிக்கிறார்கள் என்று எழுதினால் பாதி பிழை.

லண்டனையும் இங்கிலாந்தையும் ஒன்றாக நினைப்பது இன்னும் நுட்பமான தவறு. இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள நியூகாசில்காரரும் தென்மேற்கே உள்ள கார்ன்வால்காரரும் ஸ்காட்லாந்துக்காரரின் அதே குறையைச் சொல்கிறார்கள். பிபிசி தன் விளையாட்டுப் பிரிவை 2011-இல் வட இங்கிலாந்தின் சால்ஃபோர்டுக்கு மாற்றியதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம். 2005 மே மாதத்தில் பிபிசி அறிமுகப்படுத்திய புதிய வானிலை வரைபடம் இதற்குப் பொருத்தமான சான்று. தெற்கே உயரத்தில் நின்று பார்ப்பதுபோல அதைச் சாய்த்து வரைந்திருந்தார்கள். தென் இங்கிலாந்து விரிந்து பரந்தும், ஸ்காட்லாந்து தொலைவில் சுருங்கியும் தெரிந்தன. புகார்கள் குவிந்ததும் சாய்வைக் குறைத்தார்கள். அங்கே ஒருவரும் ஸ்காட்லாந்தைச் சிறுமைப்படுத்த நினைக்கவில்லை. தாங்கள் நின்ற இடத்திலிருந்து வரைந்தார்கள், அவ்வளவுதான். இது லண்டனுக்கு மட்டுமே உரிய நோயும் அன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே தொலைவில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளை வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் அடைக்கும் வழக்கத்தைத் தடுக்க, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2018-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவையும் படித்தவர் விழக்கூடிய கடைசிக் குழி ஒன்று உண்டு: எல்லா ‘இங்கிலாந்தை’யும் ‘பிரிட்டன்’ என்று திருத்திவிடுவது. கிரிக்கெட்டில் அது பிழையாகிவிடும். நாம் பார்க்கும் இங்கிலாந்து அணியை நடத்துவது இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் கிரிக்கெட் வாரியம். ஆனால் அணியின் பெயர் இங்கிலாந்துதான். 2005 ஆஷஸில் 18 விக்கெட் எடுத்த சைமன் ஜோன்ஸ் வேல்ஸ்காரர். 2009 ஆஷஸின் முதல் டெஸ்டில் ஆண்டர்சனும் பனேசரும் கடைசி விக்கெட்டுக்கு நின்று தோல்வியைத் தவிர்த்தார்களே, இங்கிலாந்தின் அந்தச் ‘சொந்த மண்’ வேல்ஸின் தலைநகரான கார்டிஃப். ஆட்டச் செய்தியில் ‘இங்கிலாந்து தப்பியது’ என்று எழுதுவது சரி. ‘இங்கிலாந்தின் கார்டிஃப் நகரில்’ என்று எழுதினால்தான் தவறு.