ஐரோப்பியப் பயணத்தில் அசட்டு ஆசைகளுக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

ஐரோப்பாவுக்குத் திரும்பத் திரும்பச் செல்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், லூவர் அருங்காட்சியகத்தையும் கொலோசியத்தையும் பற்றிக் கடமைக்குச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்தித் தங்கள் உண்மையான ஆசைக்கு வந்துவிடுவார்கள். புதிய நகரில் இறங்கியதும் அங்குள்ள சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்து ஒவ்வோர் அலமாரியையும் படித்தால்தான் ஒருவருக்குத் தூக்கம் வரும். டிராமில் ஏறினால் கடைசி நிறுத்தம் வரை போகாமல் இறங்கமாட்டார் இன்னொருவர். இவை வெளியே சொல்லக் கூச்சம் தரும் ஆசைகள் என்பதால் பயணத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. கால்கள் களைத்துப்போன மாலையில், கடை மூடும் நேரத்தில், அரைகுறையாக நிறைவேற்றப்படுகின்றன. அசட்டு ஆசைக்கும் திட்டத்தில் முறையாக ஓர் இடம் கொடுங்கள் என்பதே இங்கே சொல்ல வருவது. ஐரோப்பாவில் சின்னஞ்சிறு சந்தோஷங்களுக்குக்கூட நேரமும் சீட்டும் விதியும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

சூப்பர்மார்க்கெட் பித்து உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் இதற்கு விலக்கு. எனவே ஞாயிறன்று வந்து இறங்குபவர் தங்குமிடத்துக்குப் போகும் வழியிலேயே நிலையத்துக் கடையில் வேண்டியதை வாங்கிக்கொள்வது நல்லது. இந்தச் சுற்றைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் முதல் மாலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தயிரோ ரொட்டியோ பிடித்துப்போனால் மறுபடி வாங்கிச் சாப்பிட நாட்கள் மீதமிருக்கும். கடைசி நாளில் கண்டுபிடித்த சுவை ஏக்கத்தை மட்டுமே தரும்.

கடைக்குள் நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும். இத்தாலியில் பழமும் காய்கறியும் எடுக்கும்போது அங்கே வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத ஒழுங்கு. வெறுங்கையால் தக்காளியை அழுத்திப் பார்ப்பவரை அருகில் நிற்பவர் முறைப்பது உறுதி. பல கடைகளில் பழத்துக்குரிய குறியீட்டு எண்ணைத் தராசில் அழுத்தி, வெளியே வரும் விலைச்சீட்டை நீங்களே பையில் ஒட்டிக்கொண்டுதான் கல்லாவுக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை வசூலிக்கிறார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் வைத்தால் அது உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சீட்டைத் தரும். அந்தச் சீட்டை அதே கடையின் கல்லாவில் கொடுத்துப் பணம் பெறலாம். இந்த இயந்திரத்துக்குப் பாட்டில் ஊட்டுவதையே தனி இன்பமாகக் கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுவிட்சர்லாந்தில் 1925இல் தொடங்கப்பட்ட மிக்ரோ கடைகளின் அலமாரிகளில் மதுவைத் தேடிப் பயனில்லை. விற்கலாமா என்று 2022இல் அதன் கூட்டுறவு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோதும் எல்லா வட்டாரங்களும் வேண்டாம் என்றே முடிவு செய்தன.

இனிப்புப் பித்தர்களுக்கு ஸ்வீடன் ஏற்ற இடம். சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருவது அங்கே வழக்கம். அதனால் சாதாரண மளிகைக் கடையில்கூட ஒரு சுவர் முழுக்க மிட்டாய்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். சிறு கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு, எடைக்குப் பணம் கொடுக்க வேண்டும். கறுப்பு நிற மிட்டாய்களை மட்டும் முதலில் ஒன்றே ஒன்று எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். அவற்றில் பல அம்மோனியம் குளோரைடு சேர்த்த உப்பு அதிமதுரம், நாக்கு பழகாதவருக்குப் பெரிய சோதனை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே வால்டன்புக் என்ற சிற்றூரில் ரிட்டர் ஸ்போர்ட் சாக்லேட் ஆலையை ஒட்டிய கடையில், உடைந்துபோன சாக்லேட்டுகளையும் விற்கிறார்கள். அதற்காக ஒரு நாளில் பாதியைச் செலவிட்டாலும் வீணல்ல. வாங்கியவற்றை விமானத்தில் கொண்டுவரும்போது பழக்கூழ், கடுகு விழுது, மென்மையான பாலாடைக்கட்டி ஆகியவை இன்னும் பல விமான நிலையங்களில் கைப்பைக்கான திரவக் கட்டுப்பாட்டில் சேரும் என்பதால் அவற்றைச் சரக்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

டிராம் பித்துக்குச் செலவு குறைவு. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது: நாள் முழுவதற்குமான சீட்டை வாங்கி, முதலில் ஏறியவுடன் முத்திரையிட வேண்டிய ஊராக இருந்தால் முத்திரையிட்டு, அதன்பின் கணக்குப் பார்க்காமல் ஏறி இறங்க வேண்டும். முத்திரை இல்லாத தாள்சீட்டு பல நகரங்களில் சீட்டே அல்ல. பரிசோதகரிடம் அப்பாவி முகம் காட்டி அபராதத்திலிருந்து தப்ப முடியாது. மிலானில் 1928ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த டிராம்கள் மரப் பலகை இருக்கைகளோடு இன்றும் அன்றாடச் சேவையில் ஓடுகின்றன. அவற்றில் ஏற அருங்காட்சியகக் கட்டணம் எதுவும் இல்லை, சாதாரணச் சீட்டே போதும். புடாபெஸ்டில் 2ஆம் எண் டிராம் டான்யூப் நதிக்கரையை ஒட்டியே செல்கிறது. லிஸ்பனின் 28ஆம் எண் டிராமை மட்டும் காலை வேளையிலேயே பிடித்துவிட வேண்டும்; பிற்பகலில் கூட்டம் நெரிப்பதோடு ஜேப்படிக்காரர்களின் தொல்லையும் உண்டு.

எல்லை தாண்டும் டிராம்கள் இந்தப் பித்தின் உச்சம். பாசல் நகரின் 10ஆம் எண் டிராம் சுவிட்சர்லாந்தில் புறப்பட்டு, இடையில் பிரான்சின் லைமென் கிராமத்தைத் தொட்டு, மீண்டும் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து முடிகிறது. அதே நகரின் 8ஆம் எண் டிராம் 2014 முதல் ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை போகிறது. விலை குறைவு என்று அங்கே மளிகை வாங்கப் போகும் சுவிஸ் குடும்பங்களின் பைகளுக்கு நடுவே நின்றபடி பயணம் செய்யலாம். 2017 முதல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகர டிராமும் ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகரை அடைகிறது. சென்று வந்த நாடுகளை எண்ணிக்கொண்டே இருப்பவர்களுக்கு இவற்றைவிட எளிய வழி இல்லை. எல்லையில் சோதனை இருக்கலாம் என்பதால் கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். நகரச் சீட்டு எல்லைக்கு அப்பாலும் செல்லுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் விஷயத்தில், புகழ்பெற்ற வண்டியைவிட அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டியே மேல் என்பது என் கட்சி. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குச் செல்லும் பெர்னினா பாதை 1910இல் முழுமையடைந்தது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2,253 மீட்டர் உயரத்திலுள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தைத் தாண்டி இறங்கும் இப்பாதையில், பெரிய கண்ணாடிகள் பொருத்திய பெர்னினா எக்ஸ்பிரஸில் செல்ல முன்பதிவும் கூடுதல் கட்டணமும் தேவை. அந்தக் கண்ணாடிகளைத் திறக்கவும் முடியாது. உள்ளூர் வண்டிக்கு முன்பதிவு வேண்டாம். அதன் பல பெட்டிகளில் சன்னலை இறக்கிவிட்டு, மலைக்காற்றை வாங்கிக்கொண்டு, கண்ணாடியின் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுக்கலாம். ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கிப் பனியாற்றைப் பார்த்தபடி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் தொடரலாம். ப்ரூசியோவில் ரயில் ஒரு முழு வட்டமடித்துத் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து இறங்கும் இடத்தில், பெரியவர்கள் எல்லோரும் இருக்கையை விட்டு எழுந்து சன்னலுக்கு ஓடுவார்கள். கூச்சப்படாமல் நீங்களும் ஓடுங்கள்.

சுவிஸ் நிலையங்களில் வண்டிக்குக் காத்திருக்கும்போது செலவே இல்லாத இன்னொரு வேடிக்கை உண்டு. சுவிஸ் பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் வடிவமைத்த நிலையக் கடிகாரத்தின் சிவப்பு விநாடிமுள், ஏறக்குறைய 58.5 விநாடிகளிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு, உச்சியில் ஒன்றரை விநாடி அசையாமல் நிற்கும். மையக் கடிகாரத்தின் மின்துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஒரு தாவல் தாவ, விநாடிமுள் மறுபடி கிளம்பும். இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு வண்டியைத் தவறவிடுபவர்கள் இருப்பதாகச் சொன்னால் நான் நம்புவேன். ரயிலைக் கப்பலில் ஏற்றுவதைக் காண விரும்புபவர் இத்தாலியின் தென்முனைக்குப் போக வேண்டும்: சிசிலிக்குச் செல்லும் நெடுந்தூர ரயில்களை வில்லா சான் ஜொவானியில் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, மெசினாவில் மீண்டும் கோக்கிறார்கள். பகல் நேர வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இரவு வண்டியில் சென்றால் இந்தக் காட்சியைத் தூக்கத்தில் தவறவிடக்கூடும்.

கதவில்லாமல், நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும் பாட்டர்நோஸ்டர் மின்தூக்கிகள் வேறு வகைப் பித்து. ஹாம்பர்க், பிராகா போன்ற நகரங்களின் பழைய அலுவலகக் கட்டடங்களில் இவை இன்னும் ஓடுகின்றன. ஜெர்மனியில் 2015இல் பயிற்சி பெற்றவர் மட்டுமே இவற்றில் ஏறலாம் என்று ஒரு விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பவே விரைவில் தளர்த்தப்பட்டது. கட்டடத்தின் வரவேற்பு மேசையில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்; அலுவலக நாட்களில் மட்டுமே ஓடும். கையில் பெட்டி வேண்டாம். ஓர் அறைக்கு இருவருக்கு மேல் வேண்டாம். தரைமட்டத்தோடு சமமாக வரும் கணத்தில் தயங்காமல் காலை எடுத்துவைக்க வேண்டும். தயங்கிவிட்டால் அடுத்த அறைக்குக் காத்திருக்க வேண்டுமே தவிர பாய்ந்து ஏறக் கூடாது. உச்சித் தளத்தைத் தாண்டினால் அறை தலைகீழாகக் கவிழ்ந்துவிடும் என்பது கட்டுக்கதை. அது பக்கவாட்டில் நகர்ந்து, நிமிர்ந்தபடியே கீழே இறங்குகிறது. ஆனாலும் பெரும்பாலான கட்டடங்களில் அந்தச் சுற்றைப் பயணிகள் செய்யக் கூடாது என்று எழுதியிருப்பார்கள்.

கல்லறைத் தோட்டங்களில் நடப்பதை விசித்திரமாக நினைப்பவர்கள் வியன்னாவின் மத்திய கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வரலாம். 71ஆம் எண் டிராமில் ஏறி இரண்டாம் வாயிலில் இறங்கினால் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகிய இசையமைப்பாளர்கள் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள். மோட்சார்ட்டுக்கு அங்கே நினைவுச்சின்னம் மட்டுமே, அவரைப் புதைத்தது செயின்ட் மார்க்ஸ் தோட்டத்தில். பாரிசில் 1804இல் திறக்கப்பட்ட பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்பவர் வாயிலில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் படம் பிடித்துக்கொள்ளாமல் உள்ளே நுழைந்தால், 44 எக்டேரில் இசையமைப்பாளர் ஷோபினைத் தேடியே பொழுது போய்விடும். அடக்கம் நடக்கும் இடத்துக்கு அருகே நிற்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

காபி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இத்தாலியில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பிற்பகலில் கப்புச்சினோ கேட்பதை உள்ளூர்க்காரர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், ஆனால் கேட்டால் போட்டுத் தருவார்கள். பிடித்தவர் தயங்காமல் கேட்கலாம். வியன்னாவின் காபிக் கடைகளில் ஒரே கோப்பையோடு நெடுநேரம் செய்தித்தாள் படிப்பது குற்றமல்ல, அதுதான் அங்கே மரபு.

கடவுச்சீட்டு முத்திரை சேகரிப்பவர்களுக்கு மட்டும் காலம் மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத குறுகிய காலப் பயணிகளின் வருகையையும் வெளியேற்றத்தையும் முகப்படம், கைரேகையோடு கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல், பொது விசாவைப் பகிரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, கடவுச்சீட்டில் குத்தும் மை முத்திரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சான் மரினோ நாட்டில் கட்டணம் கட்டினால் நினைவு முத்திரை குத்தித் தருகிறார்கள். ஆனால் கடவுச்சீட்டில் அலங்கார முத்திரைகள் சேர்வதைச் சில நாட்டு அதிகாரிகள் ஏற்காமல் போகலாம் என்பதால், தனியாக ஒரு குறிப்பேட்டை நீட்டுவதே பாதுகாப்பு. மை வாசனையை விட முடியாதவருக்கு ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதை இருக்கிறது. யாத்திரிகர் அட்டையில் தேவாலயங்களும் விடுதிகளும் வழியிலுள்ள சிற்றுண்டிக் கடைகளும்கூட முத்திரையிடுகின்றன. குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து, முத்திரைகளைக் காட்டினால் சான்றிதழும் கிடைக்கும்.

எல்லாப் பித்தையும் ஆதரிக்க முடியாது. பாரிசின் போன் தெஸார் பாலத்தில் காதலர்கள் மாட்டிய பூட்டுகளின் பாரத்தால் 2014இல் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டே பூட்டுகள் அகற்றப்பட்டன. பெர் லஷேஸில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கல்லறையை உதட்டுச்சாய முத்தங்களிலிருந்து காக்க 2011இல் கண்ணாடித் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. இத்தாலியத் தீவான சார்டினியாவின் கடற்கரைகளிலிருந்து ஒரு சிறு குப்பி மணல் எடுத்துவருவதும் அபராதத்துக்குரிய குற்றம். ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகளில் உட்காருவதற்கு 2019 முதல் தடை இருக்கிறது. அதற்குப் பதிலாக, 1874 முதல் அந்நகரத் தெருக்களில் ஓயாமல் தண்ணீர் தரும் இரும்புக் குழாய்களிடம் போங்கள். கீழ்வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீறிட்டு வரும். வாயை நேராக வைத்துக் குடிக்கலாம், சட்டை நனைவதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை.

உடன் வருபவர் உங்கள் பித்தைப் பகிர்ந்துகொள்ளாதபோது அவரை இழுத்துக்கொண்டு போவது இருவருக்கும் கேடு. நகருக்கு ஓர் அரைநாளைத் தனித்தனியே பிரிந்து செல்வதென்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மறுபடி சந்திக்கும் இடத்தைக் கூரையும் இருக்கையும் உள்ளதாக, ரயில் நிலையத்தின் உள்கூடம் போன்றதாக வைத்துக்கொள்வது நல்லது. டிராமின் கடைசி நிறுத்தத்திலிருந்து திரும்பி வருபவர் எப்படியும் தாமதமாகத்தான் வந்து சேருவார்.