பத்தாம் வகுப்புச் சந்தேகங்களுக்கு ஒரு டிஸ்கோர்ஸ் தளம்: மின்னஞ்சலில் மாட்டாமல் அமைப்பது எப்படி?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கூட்டுத் தொடர்வரிசைக் கணக்கு ஒன்றையே ஒரே வாரத்தில் நாலு பிள்ளைகள் கேட்பார்கள். முதல் பிள்ளைக்கு ஆசிரியர் போட்டுக் காட்டிய விடை, குட் மார்னிங் படங்களுக்கு அடியில் எங்கேயோ கிடக்கும். அந்தக் கடுப்பில்தான் டிஸ்கோர்ஸுக்கு வந்தேன், கேள்வி பதிலைத் தலைப்பு வாரியாகச் சேர்த்து வைக்கிற இலவச மன்ற மென்பொருள் அது. ஆன்லைன் வகுப்பு நடத்துவதற்கான மூடுல் மென்பொருளையும் பார்த்தேன். பாடம், மதிப்பெண், அசைன்மென்ட் எல்லாம் வேண்டுமென்றால் அது சரி, கேள்வி பதிலுக்கு மட்டும் என்றால் யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

படி 1: ஒரு டொமைனும் (தளத்தின் இணையப் பெயர்) உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட ஒரு விபிஎஸ்ஸும் (வாடகை சர்வர்) வாங்குங்கள். 1 ஜிபி ரேமில் ஓடும், ஆனால் ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் இடம்) கட்டாயம். 2 ஜிபி எடுத்தால் நிம்மதி.

படி 2: டிஸ்கோர்ஸின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் உள்ள கமாண்டுகளை அப்படியே ஓட்டுங்கள். நான் இங்கே எழுதினால் நாளைக்கே பழசாகிவிடும். டாக்கர் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பெட்டியாக ஓட்டுவது) முறை மட்டும்தான், வேறு குறுக்குவழி வேண்டாம்.

படி 3: மின்னஞ்சல். இங்கேதான் எனக்கு மூன்று ராத்திரி போனது. தளம் திறந்தது, அட்மின் கணக்கைப் பதிந்தேன், உறுதிசெய்யும் மின்னஞ்சல் மட்டும் வரவே இல்லை, அது வராமல் நான் கட்டின வீட்டுக்குள் நானே நுழைய முடியவில்லை. தளத்துக்காக மின்னஞ்சல் அனுப்பித்தரும் வெளிச் சேவையின் கடவுச்சொல்லைத்தான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து இருபது தடவையாவது மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ரீபில்டு (தளத்தை மறுபடி கட்டுவது) முடிகிறவரை காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையதே இல்லை, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்கள் மின்னஞ்சல் வெளியே போகும் வாசல்களான 25, 465, 587 மூன்று போர்ட்டையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஸ்பேமைத் தடுக்கப் பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். 2525 என்று மாற்றினேன், அடுத்த நிமிடமே வந்துவிட்டது. அதனால் மின்னஞ்சல் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போதே அது 2525-ஐ ஏற்குமா என்று பாருங்கள். டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் (மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சேருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். அப்புறம், வாராவாரம் போகும் தொகுப்பு மின்னஞ்சலை நிறுத்திவிடுங்கள். மின்னஞ்சல் சேவையின் இலவசத் திட்டத்தில் இருக்கிற அன்றாட அளவை அதுவே தின்றுவிடும், பிள்ளைகள் யாரும் அதைப் படிப்பதும் இல்லை.

படி 4: அமைப்புகள். அழைப்பு இருந்தால்தான் சேரலாம், உள்நுழைந்தால்தான் படிக்கலாம் என்ற இரண்டையும் இயக்குங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு குழு, அவர்கள் மட்டும் பார்க்கிற ஒரு பிரிவு (எங்கள் தளத்தில் அதற்கு 'ஓய்வறை' என்று பெயர்). தனிச்செய்தியை ஆசிரியர் குழுவுக்கு மட்டும் விட்டு மற்றவர்களுக்கு மூடிவிட்டேன். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பேச்சு நாலு பேர் பார்க்கவே நடக்கட்டும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் கொள்கிறது, ஆகவே பெற்றோர் ஒப்புதலை எழுதி வாங்கிக்கொண்டு அழைப்பு அனுப்புங்கள்.

கணிதப் பிளகினை (டிஸ்கோர்ஸில் சேர்க்கும் கூடுதல் வசதி) இயக்கினால் டாலர் குறிகளுக்குள் எழுதும் பின்னமும் வர்க்கமூலமும் ஒழுங்காகத் தெரியும். 'சால்வ்டு' பிளகின் இன்னும் முக்கியம். சரியான விடையைக் குறித்துவிட்டால் அடுத்த வருடப் பிள்ளைக்கும் அதுவே போதும்.

பின்சேர்க்கை: "புரிஞ்சுது சார் என்று போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது" என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்து வேண்டும் என்பது இயல்பமைப்பு, அதை 5 ஆக்குங்கள். தலைப்புக்கும் 15 என்று ஒன்று உண்டு, அதை நான் தொடவில்லை. "டவுட்" என்று மட்டும் தலைப்பு வைக்கிறவர்களை அது ஒன்றுதான் தடுக்கிறது.

இன்னொரு பின்சேர்க்கை: தமிழில் பயனர்பெயர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, யூனிகோடு பயனர்பெயர் என்ற அமைப்பு முதலில் அணைந்திருக்கும், தேடி இயக்குங்கள். பதிவின் இணைய முகவரியில் தமிழ்த் தலைப்பு வரும்படி மட்டும் மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு சதவீதக் குறிகளாகப் பத்து வரிக்கு நீண்டது.