நம்ம ஊர்க் கலைஞரை தேசிய விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நாற்பது வருடமாகத் தெருக்கூத்து ஆடுபவரை உங்களுக்குத் தெரியுமா? அவரை இக்கமங்கா விருதுக்கு நீங்களே பரிந்துரைக்கலாம். கலை, இலக்கியம், இசை, இதழியல், விளையாட்டுச் சாதனைக்குத் தென்னாப்பிரிக்க அதிபர் தரும் விருது இது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலை உண்டு. இக்கமங்கா என்பது பறவைத் தலை போலப் பூக்கும் நம் ஸ்ட்ரெலிட்சியாவின் கோசா மொழிப் பெயர்.

பரிந்துரைப் படிவத்தை அதிபர் அலுவலக இணையதளத்தில் தேடுங்கள். அதை நிரப்புவது பெரிய வேலையில்லை, ஆதாரம் சேர்ப்பதுதான் உண்மையான வேலை, ஏனென்றால் நம் பெரியவர்கள் பலர் ஒரு நோட்டீஸைக்கூடப் பத்திரப்படுத்தியிருக்க மாட்டார்கள். அதனால் முதலில் அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். எந்தக் கோயிலில், எந்த வருடம் ஆடினார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய படம், செய்தித்தாள் துண்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் சீடர்களிடம் கடிதம் வாங்குங்கள்.

'மாபெரும் கலைஞர்' என்று எழுதினால் போதாது. அவரால் என்ன மாறியது என்று சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இது எட்டாத விருதில்லை: டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவிந்தர் 2008-இல் இந்த விருதைப் பெற்றார். மறைந்தவர்களுக்கும் தருகிறார்கள்தான், ஆனால் தயவுசெய்து அதுவரை காத்திருக்காதீர்கள்.