குழந்தை தள்ளிப்போகுதா? நான் செஞ்ச தப்ப நீங்களும் செய்யாதீங்க

போன வாரம் புதுவயல்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு, கல்யாணமாகி மூணு வருஷம், கட்டைப்பை நிறைய ஃபைலு. ஸ்கேன் ஆறு, டியூப் (கருக்குழாய்) டெஸ்ட் ரெண்டு, ஹார்மோன் டெஸ்ட் எத்தனைன்னு எண்ணவே முடியல. எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு "வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மா"ன்னு கேட்டேன். "அவுகளுக்கு எதுக்குக்கா, அவுக நல்லாத்தானே இருக்காக"ன்னுச்சு. 14 வருஷத்துக்கு முன்னாடி இதே வார்த்தைய நான் சொல்லிருக்கேன்.

காரைக்குடில கருத்தரிப்பு கிளினிக் ஒண்ணுல நர்ஸா இருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு கவுன்சலிங்கும் நாந்தான். வெயிட்ட குறைங்க, சிகரெட்ட விடுங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அதையெல்லாம் விட்டுடுறேன்.

வீட்டுக்காரர் டெஸ்ட்ட கடைசிக்குத் தள்ளுறது

எங்க வீட்டுக்காரர் அப்ப கத்தார்ல வேலை, வருஷத்துக்கு 40 நாள் லீவு. முதல் லீவு திருக்கருகாவூர், குன்றக்குடி, அப்பறம் சொந்தக்காரங்க வீட்டு விருந்துன்னே போச்சு. கோயிலுக்குப் போனது தப்பே இல்ல, இன்னைக்கும் போறேன். ஆனா அந்த 40 நாள்ல ஒரு காலை நேரம் லேபுக்கு ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கல. அவுக பிளேன் ஏறுனப்பறம் நான் மட்டும் டெஸ்ட்டுக்கு அலைஞ்சேன். மதுரைல ஒரு ஆஸ்பத்திரில டியூப்ல ஒரு பக்கம் அடைப்புன்னாங்க, லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாக்குறது, பண்ணாங்க, உள்ள பாத்தா டியூப் நல்லாத்தான் இருக்கு. படம் எடுக்குறப்ப டியூப் இறுக்கிப் புடிச்சாலும் அடைப்பு மாதிரியே தெரியும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. தாலிய தவிர எல்லா நகையும் அடகுல. அங்க ஒருத்தர்கூட அவுக ரிப்போர்ட்ட கேக்கல, நானும் கேக்கல. மாமியார் பேசுனதெல்லாம் எனக்குத்தான் குறைன்னு நம்பி தலைய குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தேன். அத நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது.

நாலாவது லீவுலதான் வேற ஒரு டாக்டரம்மா முதல் கேள்வியே அவுக விந்து டெஸ்ட் ரிப்போர்ட்ட கேட்டாங்க. எடுத்தோம், ரிசல்ட் வந்துச்சு, ஒரு மில்லில விந்தணு 30 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021ல குடுத்த கணக்குப்படி 1 கோடியே 60 லட்சம்தான் கீழ் அளவு. காரணம் வேரிகோசீல், அதாவது விதைப்பைல ரத்தக்குழாய் புடைச்சு போறது. வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் பண்ணாங்க, ஆனா உடனே தெரியாது, ஒரு விந்தணு உருவாகவே கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆகும், அதனால மாசக்கணக்கா காத்திருந்துதான் திரும்ப பாக்கணும். எம்மக பொறந்தப்ப எனக்கு 36. முதல் லீவுலயே சில நூறு ரூபாய்ல முடிஞ்சிருக்க வேண்டிய டெஸ்ட்டு அது.

"நல்லாத்தானே இருக்காக"ங்கறதுக்கும் கவுண்ட்டுக்கும், அதாவது விந்தணு எண்ணிக்கைக்கும், சம்பந்தமே இல்ல. வெளிய வர்ற தண்ணில பெரும்பகுதி வேற சுரப்பிகள்லேர்ந்து வருது, அணு ரொம்பக் கொஞ்சம், அதனால சுத்தமா அணுவே இல்லாட்டியும் தாம்பத்யத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. குழந்தைக்கு காத்திருக்குற ஜோடிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு, தனியாவோ பொம்பளை பக்கக் காரணத்தோட சேந்தோ.

டெஸ்ட் எடுக்குறதுலயும் கோட்டை விடுவாங்க. கடைசியா விந்து வெளியேறுனதுக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவுல ரெண்டுலேர்ந்து ஏழு நாள் வரைக்கும் இடைவெளி வேணும், ஜாஸ்தி விட்டாலும் அணுவோட ஓட்டம் குறையும். முதல்ல வர்றது சிந்திட்டா லேப்ல சொல்லிடணும், அதுலதான் அணு ஜாஸ்தி. தேவகோட்டைலேர்ந்து ஒரு தம்பி டப்பாவ ஐஸ் போட்ட பையில வச்சு பஸ்ல கொண்டு வந்துச்சு, கெட்டுப்போகக் கூடாதுன்னு நல்லெண்ணந்தான், ஆனா குளிர்ல அணு அசையாமப் போயிடும். முடிஞ்சா லேப்லயே குடுங்க, இல்லாட்டி சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுங்க. மூணு மாசத்துக்குள்ள கடும் காய்ச்சல் வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க, கவுண்ட் விழும், அப்பறம் ஏறும். ஒரு ரிசல்ட் மோசம்னு ஒடஞ்சு போகாதீங்க, திரும்ப எடுக்கணும். ஜீரோன்னு வந்தாலும் அதோட முடிவில்ல, வர்ற வழி அடைச்சிருக்கா, உற்பத்தியே இல்லையான்னு பிரிச்சுப் பாப்பாங்க, வைத்தியமும் அதுக்குத் தக்கன மாறும். ஜிம்முல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தா மறைக்காதீங்க, அது அணு உற்பத்தியவே நிறுத்திடும். சுகர் இருக்கறவங்களுக்கு சில சமயம் விந்து வெளிய வராம மூத்திரப்பைக்குள்ள போயிடும்.

லீவு மாசத்த வச்சு வருஷம் எண்ணுறது

சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு போற ஊருங்க நம்ம ஊரு. மூணு வருஷமா இல்லன்னு அழுவாங்க, சேந்து இருந்த நாளக் கூட்டிப் பாத்தா நாலு மாசம் வரும். 35க்கு கீழன்னா சேந்து இருந்து ஒரு வருஷம், 35 தாண்டுனா ஆறு மாசம், அதுக்குமேல காத்திருக்க வேணாம். பீரியட் ஒழுங்கா வராதவங்க அந்தக் கணக்கும் பாக்காம வந்துடணும்.

எல்லாருக்கும் 21ஆம் நாள் ரத்த டெஸ்ட்

முட்டை வெளிய வர்றது அடுத்த பீரியடுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடி. 35 நாள் சைக்கிள்னா 21ஆம் நாளுக்குத்தான் முட்டையே வரும், அன்னைக்கு புரொஜஸ்டிரோன் (முட்டை வந்தப்பறம் ஏறுற ஹார்மோன்) பாத்தா கம்மியாத்தான் காட்டும், முட்டையே வரலன்னு மாத்திரைய ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களுக்கு 28ஆம் நாள் வாக்குலதான் எடுக்கணும். உங்க சைக்கிள் எத்தனை நாள்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க.

ஸ்கேன மட்டும் பாத்து பிசிஓஎஸ்னு முடிவு கட்டுறது

பிசிஓஎஸ்ங்கறது சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற ஹார்மோன் கோளாறு. பீரியட் ஒழுங்கா வராதது, ஆண் ஹார்மோன் ஜாஸ்தி, ஸ்கேன், மூணுல ரெண்டு பொருந்தணும்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் விட்டமின் மாத்திரை போட்டுக்கிட்டே தைராய்டு டெஸ்ட்

ரிசல்ட் தப்பா வரலாம். ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க.

"பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்"

எங்க ஆத்தாவும் இதத்தான் சொன்னுச்சு, பெருங்காயத்த மோர்ல கலக்கிக் குடுத்துச்சு. சாதாரண வலிக்கு அது போதும். ஸ்கூலுக்கு லீவு போட்டு சுருண்டு படுக்குற வலி, சேர்க்கையப்ப வலி, பீரியட் நேரத்துல மலம் போக வலின்னா எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம், அதாவது கர்ப்பப்பை உள் சவ்வு மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது. ஸ்கேன்ல சாக்லேட் கட்டி (சினைப்பைல பழைய ரத்தம் சேந்த கட்டி) தெரிஞ்சாத்தான்னு இல்ல, ஸ்கேன் நார்மலா இருந்தும் அது இருக்கலாம்.

டிபிய மறைக்குறது

கல்யாணத்துக்கு முன்னாடி டிபி வந்து மருந்து சாப்புட்டத புகுந்த வீட்டுக்குத் தெரியாமப் பாத்துக்கோங்க, அது உங்க இஷ்டம், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இருமலே இல்லாம கர்ப்பப்பையிலயும் டியூப்லயும் டிபி உக்காந்திருக்கும், நம்ம நாட்டுல டியூப் அடைப்புக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

புதுவயல் பொண்ணோட வீட்டுக்காரர் மாசி பங்குனி திருவிழாவுக்கு வர்றாராம். டியூப் டெஸ்ட்ட மூணாவது தடவை எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஃபைலோட முதல் பக்கத்துல அவுக பேர எழுதி, லேபுக்கு வர வேண்டிய தேதியையும் எழுதி, பால்குடத்துக்கு முன்னாடியே இருக்குற மாதிரி பாத்துக் குடுத்து அனுப்பிருக்கேன்.